காற்றில் வளராதவை

என் கையும் நகமும் அழுக்கு என்று எழுதியிருந்தார்கள். ஆங்கிலத்தில் டைப் அடித்த காகிதம். அதன் அடியில் நான் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் விஷயத்தைப் போலீசுக்குக் கொண்டுபோகாமல், மருத்துவச்சிச் சான்றிதழை மட்டும் வாங்கிக்கொண்டு என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். இது நடந்து வெகு காலம் ஆகிறது. இப்போது எழுதும்போதும் எனக்குப் பல் இறுகுகிறது. ஆறிப்போன கதை என்று நினைத்து யாரும் இதைப் படிக்க வேண்டாம்.

நான் பினாங்கில் பிறந்தவள். என் புருஷன் கடைத்தெருவுக்குப் பக்கத்தில் ஓர் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோர்த்துக்கொண்டிருந்தார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. முப்பது வயதுக்கு மேல் நான் ஆஸ்பத்திரியில் சேர்ந்து பிரசவம் பார்க்கப் படித்தேன். கத்தரியையும் நூலையும் கொதிக்க வைப்பது, கையை முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுத் தேய்ப்பது, தொப்புள் கொடியை எங்கே கட்டி எங்கே வெட்டுவது என்று எல்லாம் பாடமாகப் படித்துச் சான்றிதழ் வாங்கியவள்.

ஜெலுத்தோங் போகிற வழியில் ஒரு தாய் சேய் நிலையம் இருந்தது. ஊர்ப் பெரிய மனிதர்களும் சில துரைசானிகளும் கமிட்டி வைத்து நடத்தினார்கள். அங்கே எனக்கு வேலை கிடைத்தது. வண்ணாந்துறையிலிருந்து ஜெலுத்தோங் மீன்காரர் குடிசைகள் வரைக்கும் நான்தான் பார்த்தேன். தமிழ்ப் பெண்கள் என்னை மிஸ்ஸி என்றார்கள், மலாய்ப் பெண்கள் பிடான் என்றார்கள்.

நிலையத்தில் ஒரு விதி இருந்தது. கொடியை வெட்டியதும், நிலையம் தருகிற பவுடரைத் தாராளமாகத் தூவித் துணிப்பட்டையால் இறுக்கிக் கட்ட வேண்டும். அடுப்புச் சாம்பலை அப்புகிற வழக்கத்தை ஒழிக்க வந்த விதி அது. நானும் வீடு வீடாகச் சாம்பலைத் திட்டினேன். "மண்ணையும் சாம்பலையும் பச்சப்புள்ள மேல போடுறீங்களே, அறிவில்லையா" என்று என்னைவிட வயதில் மூத்த பெண்களைக் கேட்டிருக்கிறேன்.

அந்த வருஷம் வழக்கமான டப்பா வரவில்லை. பவுடர் பெரிய சாக்கில் வந்தது. ஸ்டோர்க்காரர் அதைக் கரண்டியால் அள்ளிச் சின்ன டப்பாக்களில் அடைத்துக் கொடுத்தார். நிறம் மங்கலாக இருந்தது.

"என்னா இது, அழுக்கா இருக்கு?"

"கல்லு மாவு மிஸ்ஸி. மண்ணுக்குள்ளேருந்து எடுக்கிறது, அப்படித்தான் இருக்கும் லா."

நான் வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டேன். அவர் மேல் எனக்குள்ள கோபத்தில் பாதி என் மேலும் உண்டு. சாம்பலை வேண்டாம் என்றவள் கல்மாவை ஏன் வேண்டாம் என்று சொல்லவில்லை?

முதலில் போனது வண்ணாந்துறையில் ஒரு சலவைக்காரர் வீட்டுப் பிள்ளை. தலைச்சன், ஆண். பிறந்தபோது அந்த வரிசை முழுக்கக் கேட்கும்படி அழுதான். ஏழாம் நாள் காலையில் தகப்பன் என் வீட்டுக்கு ஓடி வந்தான். "மிஸ்ஸி, புள்ள பால் குடிக்கல. வாயத் தொறக்க மாட்டேங்கிறான்."

போய்ப் பார்த்தேன். உதடு குவிந்து இறுகியிருந்தது. தாய் மார்பை வைத்தால் குழந்தை தேடியது, ஆனால் தாடை திறக்கவில்லை. கதவு சாத்துகிற சத்தத்துக்கே உடம்பு வில்லாக வளைந்தது. எனக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. ரணஜன்னி, டெட்டனஸ் என்கிறார்களே அது. பட்டையை அவிழ்த்தேன். கொடியின் மிச்சத்தின் மேல் பவுடர் ஈரத்தோடு சேர்ந்து ஓடு மாதிரி காய்ந்து மூடியிருந்தது. சீழ் இல்லை, நாற்றம் இல்லை. மறுநாள் மத்தியானம் குழந்தை இறந்தது.

இரண்டு வாரம் கழித்து, தண்ணீர்மலைப் பக்கம் ஒரு தோட்டக்காரர் வீட்டில் பெண் குழந்தை. அதே உதடு, அதே வளைவு. மூன்றாவது, ஜெலுத்தோங் கடலோரத்தில் ஒரு மீன்காரரின் மகன். அந்த மூன்றாவது வீட்டில் வாசலில் நின்றபடியே தாய் குழந்தையைத் தூக்கிக் காட்டினாள். நான் உள்ளே போகவே இல்லை. அந்த இரண்டு குழந்தைகளும் பிழைக்கவில்லை.

லேடி டாக்டர் என்னைக் கூப்பிட்டார். வெள்ளைக்காரி. மலாய் பேசுவார், தமிழ் வராது. நிலையத்துக் கிளார்க் நடுவில் நின்று மொழிபெயர்த்தார். என் நகத்துக்கு அடியில் சுரண்டிப் பஞ்சில் எடுத்தார்கள். பையின் உட்புறம், கத்தரி, நூல், பவுடர் டப்பா எல்லாவற்றிலும் எடுத்தார்கள். பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினார்கள். மூன்று நாளில் பதில் வந்தது. என் நகத்திலும் பையிலும் கிருமி வளர்ந்திருக்கிறது. கத்தரியிலும் நூலிலும் இல்லை. பவுடரில் எதுவுமே வளரவில்லை, சுத்தமானது.

"நகத்துல கிருமி இருக்காம் மிஸ்ஸி" என்றார் கிளார்க். "நீங்க கைய சரியா கழுவலன்னு டாக்டரம்மா சொல்றாங்க."

"நான் கழுவாம ஒரு புள்ளையத் தொட்டதில்ல. அவங்ககிட்டச் சொல்லுங்க."

அவர் சொன்னாரோ என்னவோ. லேடி டாக்டர் காகிதத்தை என் பக்கம் தள்ளினார். படிக்க நேரம் வேண்டும் என்று சொல்லி அதை மடித்து வீட்டுக்கு எடுத்து வந்தேன். பையையும் டப்பாவையும் அவர்கள் வைத்துக்கொண்டார்கள்.

என் புருஷன் படித்துப் பார்த்துவிட்டு, "போட்டுக் குடுத்துடு" என்றார். "கமிட்டியில இருக்கிறவங்கதான் எங்க அச்சுக்கூடத்துக்கும் வேலை குடுக்கிறாங்க. நாம யாரு அவங்களோட மோத?"

"மூணு புள்ளைய நான் கொன்னேன்னு எழுதிக் குடுக்கணுமா?"

"அப்படி எழுதல. கவனக்குறைவுன்னு எழுதியிருக்கு."

அன்றைக்கு நான் அவருக்குச் சோறு போடவில்லை. அதற்குள் ஜெலுத்தோங் முழுக்கச் செய்தி போய்விட்டது. என் கையால் பிள்ளை பெற்ற பெண்கள் பாசாரில் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒருத்தி தன் குழந்தையை முந்தானையால் மூடினாள்.

நான் பரிசோதனைக் கூடத்துக்கே போனேன். அவர்கள் அனுப்பிய அறிக்கையை என் கண்ணால் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். முன்னால் இருந்த ஆள் முடியாது என்றான். நான் போகவில்லை. பின்கட்டில், கண்ணாடிக் குழாய்கள் கழுவுகிற தொட்டிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். அங்கே ஒருவர் பெரிய சட்டியில் பொடியாக நறுக்கிய மாட்டிறைச்சியை வேகவைத்துக்கொண்டிருந்தார். எங்கள் ஊரில் பிறந்து வளர்ந்த தமிழ் முஸ்லிம். என்னைவிட நாலைந்து வயது இளையவர். குழாய் கழுவுவது, கிருமிகளுக்குத் தீனி சமைப்பது, எலிகளைக் கவனிப்பது எல்லாம் அவர் வேலை. அந்த அறிக்கை போனது அவருக்குத் தெரிந்திருந்தது.

"நீங்கதானா அந்த மிஸ்ஸி?"

"ஆமா. நாந்தான் அழுக்குக் கைக்காரி."

அவர் சிரிக்கவில்லை. "அக்கா, உங்க நகத்துல வளர்ந்தது யார் நகத்துலயும் வளரும். என் நகத்துல எடுத்தாலும் வளரும். டாக்டரம்மா நகத்துலயும்தான். அது சும்மா தோல்ல இருக்கிற கிருமி. ரணஜன்னிக் கிருமி அதில்ல."

"அப்ப பவுடர்ல ஒண்ணும் இல்லேன்னு எப்படிச் சொன்னாங்க பாய்?"

அவர் அடுப்பைத் தணித்துவிட்டு உள்ளே போய், ஒரு தாங்கியில் நாலு உயரமான குழாய்களைக் கொண்டுவந்தார். கடையில் இனிப்புச் செய்து விற்கிற அதே அகர்அகர் கடற்பாசி, இறைச்சிச் சாறோடு சேர்த்துக் குழாயில் உறைய வைத்தது. முதல் குழாயில் மேலே காற்றுப் படுகிற இடத்தில் மட்டும் ஆடை மாதிரிப் படிந்திருந்தது, கீழே எல்லாம் தெளிவு. இரண்டாவது மேலிருந்து அடிவரைக்கும் கலங்கியிருந்தது. மூன்றாவதில் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே மெல்லிய ஒரு பட்டை. நாலாவதில் மேலே ஒன்றுமே இல்லை. பாதிக்குக் கீழேதான் புள்ளி புள்ளியாக வளர்ந்திருந்தது, நடுநடுவே அது விட்ட வாயுக் குமிழிகள்.

"மொதல்ல இருக்கிறதுக்குப் பிராணவாயு இல்லாட்டி உயிரில்ல" என்றார். "ரெண்டாவது இருந்தாலும் பொழைக்கும், இல்லாட்டியும் பொழைக்கும். குடல்ல இருக்கிறது நெறைய அந்த ஜாதி. மூணாவதுக்குக் கொஞ்சம் வேணும், கூடினா ஆகாது. நாலாவது இருக்கே, அதுக்குக் காத்துதான் விஷம். காத்துப் பட்டா வளராது. மண்ணுக்குள்ள கெடக்கிற ரணஜன்னி அந்த ஜாதி."

"பவுடரை எதுல போட்டுப் பாத்தாங்க?"

"கண்ணாடித் தட்டுல. தட்டு தொறந்த காத்துல இருக்கும். அதுல இந்தக் கிருமி ஒரு நாளும் வளராது. ஒரு வருஷம் வச்சாலும் தட்டு சுத்தமாத்தான் இருக்கும்."

"இது உள்ள இருக்கிறவங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாம என்னா? இந்தக் கறியே அதுக்குத்தான் வேகுது. கறிக்குழாய்ல அடியில போட்டு, மேல எண்ணெய் ஊத்திக் காத்தை அடைச்சா வளரும். ஆனா உங்க நிலையத்துலேருந்து வந்த சீட்டுல தட்டு மட்டும்னு எழுதியிருந்துச்சு. யாரும் மேல கேக்கல."

நான் அந்தத் தொட்டித் திட்டில் கையை ஓங்கி அடித்தேன். வலித்தது. பவுடர் ஓடாகக் காய்ந்து மூடியிருந்த அந்தக் கொடி ஞாபகம் வந்தது. உள்ளே செத்துக்கொண்டிருக்கும் சதை, மேலே ஓடு, அதற்கு மேல் துணிப்பட்டை. காற்றுப் போக வழியே இல்லாமல் நானே இறுக்கிக் கட்டியிருக்கிறேன், கிருமியையும் உள்ளே வைத்து.

"பவுடர் கொண்டாந்தா நீங்க போட்டுப் பாப்பீங்களா?"

அவர் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "எனக்கு அதிகாரம் இல்லக்கா." கொஞ்ச நேரம் சட்டியைக் கிளறினார். "கொண்டாங்க" என்றார்.

ஆனால் என் டப்பா அவர்களிடம். மற்ற மருத்துவச்சிகளைக் கேட்கப் பயம், உடனே நிலையத்துக்குச் செய்தி போகும். அப்போதுதான் நினைவு வந்தது. மறுநாள் கட்டு மாற்றத் தாய்க்கென்று கொஞ்சம் பவுடரைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்துவிட்டு வருவது என் வழக்கம்.

வண்ணாந்துறைக்கு நடந்தே போனேன். அந்தப் பெண் வெயிலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். மார்பில் பால் கட்டி ரவிக்கை நனைந்திருந்தது. முன்பு "வாங்க மிஸ்ஸி" என்று மணை எடுத்துப் போட்டவள்.

"எதுக்கு வந்த?"

"அன்னிக்கு நான் காகிதத்துல மடிச்சுக் குடுத்த பவுடர் மிச்சம் இருக்கா?"

"எதுக்கு? இன்னும் யாருக்குப் போடப் போற?"

"அதுலதான் கிருமி இருந்திருக்கும்னு நெனைக்கிறேன். சோதிச்சுப் பாக்கணும்."

அவள் கையிலிருந்த துணியைக் கூடையில் எறிந்தாள். "நீதானே போட்ட."

"ஆமா. நாந்தான் போட்டேன்."

விதி என்று சொல்லலாம், கமிட்டி என்று சொல்லலாம். போட்ட கை என் கைதான். அவள் உள்ளே போனாள். வெகு நேரம் வரவில்லை. கதவைச் சாத்திக்கொள்வாள் என்று நினைத்தேன். பிறகு வந்து, என் முகத்தைப் பார்க்காமல் ஒரு காகித மடிப்பை நீட்டினாள். அரிசிப் பானைக்குப் பின்னால் இருந்ததாம்.

"புள்ள சட்டையோட சேத்து வச்சிருந்தேன்" என்றாள். "என்னான்னு தெரிஞ்சா எனக்கு வந்து சொல்லு. நல்லதோ கெட்டதோ, எனக்குத்தான் மொதல்ல சொல்லணும்."

பாய் அதை உப்புத் தண்ணீரில் கரைத்துச் சூடாக்கினார். சூட்டில் மற்ற கிருமிகள் செத்துவிடும், இது விதை மாதிரி உறங்கும், சாகாது என்றார். கறிக்குழாயில் விட்டு எண்ணெய் ஊற்றிச் கிருமி வளர்க்கிற சூட்டுப் பெட்டியின் கடைசி அடுக்கில் வைத்தார். நாலாம் நாள் குழாயில் குமிழி ஏறியது. எரிந்த கொம்பு மாதிரி ஒரு நாற்றம். அப்போதுதான் அங்கிருந்த டாக்டரிடம் மாட்டிக்கொண்டார்.

அந்த டாக்டர் சிலோன்காரர், தமிழ் பேசுகிறவர். நான் அன்றைக்கும் பின்கட்டில்தான் இருந்தேன். குழாயைப் பிடித்துக்கொண்டு வந்தார். "இதை ஆர் வைக்கச் சொன்னது?"

"நாந்தான்" என்றேன். "இது வந்த வீட்டுப் புள்ள செத்துப்போச்சு. நீங்க சுத்தம்னு எழுதின பவுடர் இது."

அவர் பாயைத் திட்டுவார் என்று நினைத்தேன். ஆனால் உள்ளே போய் ஒரு துளியைச் சாயமிட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். மெல்லிய குச்சிகள், ஒரு முனையில் உருண்டை. தீக்குச்சிகளைக் கொட்டிவைத்தது மாதிரி இருந்தது.

"இது மட்டும் காணாது. எலியில பார்க்கோணும்" என்றார்.

இரண்டு எலிகளுக்கு அந்தச் சாற்றை ஊசியில் போட்டார்கள். ஒன்றுக்கு மட்டும் ரணஜன்னி மருந்தும் சேர்த்துக் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் நான் போனபோது மருந்து பெற்ற எலி கூண்டில் ஓடிக்கொண்டிருந்தது. மற்றதன் பின்னங்கால் விறைத்து, உடம்பு ஒரு பக்கமாக வளைந்திருந்தது. எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். அதைச் சொல்லக் கூசுகிறது, ஆனால் அதுதான் வந்தது. அடுத்த நிமிஷம் அந்த வளைவில் வண்ணாந்துறைப் பிள்ளையைப் பார்த்தேன், கூண்டுக்கு முதுகைத் திருப்பிக்கொண்டேன்.

"ஏன் டாக்டர், மொதல்லயே இப்படிப் பாக்கல?" என்று கேட்டேன்.

"என்னட்டக் கேட்டது தட்டு மட்டும். கேட்டதைச் செய்து குடுத்தன்."

"ரணஜன்னின்னு சீட்டுல எழுதியிருந்துச்சா இல்லையா?"

அவர் கமிட்டிக்கு எழுதுவதாக மட்டும் சொன்னார். எழுதினார், அதை மறுக்க மாட்டேன்.

ஒரு வாரத்துக்குள் எல்லா மருத்துவச்சிகளிடமிருந்தும் டப்பாக்களைத் திரும்ப வாங்கினார்கள். சாக்கும் போய்விட்டது. எங்கே போனது என்று யாரும் சொல்லவில்லை. இனிமேல் கொடிக்குப் பவுடர் வேண்டாம், கொதிக்க வைத்து உலர்த்திய துணி போதும், தளர்வாகக் கட்டவும் என்று புது விதி வந்தது. என்னைக் கூப்பிட்டு, நான் கையெழுத்துப் போடாத அந்தக் காகிதத்தைப் பற்றிப் பேசாமல், நாளையிலிருந்து வேலைக்கு வரலாம் என்றார்கள்.

"தப்பு என் மேல இல்லைன்னு எழுதிக் குடுங்க" என்றேன்.

லேடி டாக்டர் மலாயில் நேராகவே என்னிடம் பேசினார், பொறுமையாகவே பேசினார். பவுடரில் கிருமி என்று வெளியே தெரிந்தால் பெண்கள் நிலையத்துக்கு வருவதையே நிறுத்திவிடுவார்கள். மறுபடியும் சாம்பலுக்குப் போவார்கள். இன்னும் நிறையக் குழந்தைகள் சாகும். அதற்குத்தான் அமைதியாக மாற்றிவிட்டோம். உனக்கு வேலை திரும்பக் கிடைத்துவிட்டது, வேறென்ன?

அவர் சொன்னதில் உண்மை இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் பொறுக்க முடியாதது. முழுப் பொய்யாக இருந்திருந்தால் முகத்தில் அடித்த மாதிரி பேசிவிட்டு வந்திருப்பேன். சாம்பலுக்குப் போவார்கள்தான். அதற்காக, மூன்று தாய்மார்கள் என் கைதான் தங்கள் பிள்ளைகளைக் கொன்றது என்று நம்பிக்கொண்டே இருக்கலாமா? அந்த மூவரில் யாராவது துரைசானியாக இருந்திருந்தால் ஒரு தட்டோடு சோதனை நின்றிருக்குமா? மலாயில் எனக்கு அத்தனை வார்த்தை வரவில்லை. "அந்த அம்மாமார்களுக்கு யார் சொல்வது?" என்று மட்டும் கேட்டேன்.

"யாரும் சொல்ல வேண்டாம்" என்றார்.

பாயை எலிகளிடமிருந்தும் சூட்டுப் பெட்டியிலிருந்தும் விலக்கி, வெளியே முற்றம் கூட்டப் போட்டார்கள். அனுமதியில்லாமல் சாமான்களைத் தொட்டாராம். அவரிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். "விடுங்கக்கா, வெளியில நல்லா காத்தாவது வருது" என்றார். அவர் சிரித்தார், என்னால் சிரிக்க முடியவில்லை.

நான் சொல்லப் போனேன். வண்ணாந்துறைக்கு முதலில். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். "இது எத்தன பேருக்குத் தெரியும்?" என்றாள். கமிட்டி, டாக்டர், கிளார்க் என்று எண்ணிச் சொன்னேன். "இத்தன பேருக்குத் தெரிஞ்சும் ஒருத்தரும் வரல" என்றாள். பிறகு அவள் கத்திய கத்தலில் துறை முழுக்கத் துவைப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தது. அவள் என்னைத் திட்டவில்லை. பெயர் தெரியாத எல்லோரையும் திட்டினாள். நானும் பக்கத்தில் நின்று சேர்ந்து திட்டினேன். அந்த ஒரு நாள்தான் என் நெஞ்சு கொஞ்சம் லேசானது.

தண்ணீர்மலைப் பக்கத்து வீட்டில் கதவைத் திறக்கவில்லை. ஜன்னல் வழியாகச் சொல்லிவிட்டு வந்தேன். உள்ளே யாராவது கேட்டார்களா என்று தெரியாது.

ஜெலுத்தோங்கில் அந்தப் பெண் தாய் வீட்டுக்குப் போயிருந்தாள். மீன்காரர் மட்டும் கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன், காற்றுப் படாத கிருமி என்பதையும் சொல்லிப் பார்த்தேன்.

"புள்ளதான் போச்சே மிஸ்ஸி. இத எதுக்கு இப்ப என்கிட்டச் சொல்றீங்க?" என்றார்.

"உங்களுக்குத் தெரியணும்ல."

"தெரிஞ்சு நான் யாரப் போய்க் கேக்கிறது? எந்த ஆபீசுல என்னை உள்ள விடுவாங்க?"

அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து, திருப்பிப்போட்ட ஒரு மீன்கூடையைக் காட்டி உட்காரச் சொன்னார். கோப்பி கொண்டுவந்து கொடுத்தார். இரண்டு பேரும் குடித்தோம். பிறகு, "பொண்டாட்டி திரும்பி வந்ததும் வாங்க. இத நீங்களே அவகிட்டச் சொல்லுங்க, என்னால முடியாது" என்றார். அடுத்த வாரம் வருகிறேன் என்று எழுந்தேன்.